புரியாமல் தலையாட்டாதவள்

எங்கள் வகுப்பில் அறுபத்து மூன்று பேர். அதில் அறுபத்து இரண்டு பேருக்கு எல்லாமே புரிந்தது.

அப்படித்தான் எங்கள் நெட்வொர்க்ஸ் சார் நம்பிக்கொண்டிருந்தார். திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் சாலையில் இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில் அவர் அந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஆங்கிலத்தில் வேகமாகப் பாடம் நடத்துவார். திரையில் ஒரு படம் முடிந்து அடுத்தது வருவதற்கு முன்னால் எங்கள் பக்கம் திரும்பி, "அர்த்தமைந்தா?" என்பார். புரிந்ததா என்று தெலுங்கில் கேட்பது அது. "அயிந்தி சார்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். என்ன புரிந்தது என்று அவரும் கேட்டதில்லை, நாங்களும் எங்களைக் கேட்டுக்கொண்டதில்லை.

ரௌட்டர் பாடம் தொடங்கிய அன்று மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல் மட்டும் தனியாக வந்தது.

"காலேது சார்."

புரியவில்லை என்கிறாள். சார் படத்தைப் பின்னுக்கு நகர்த்தி, முதலில் சொன்னதையே கொஞ்சம் உரக்கச் சொன்னார். ரௌட்டருக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு பாக்கெட், அதாவது செய்தியின் ஒரு துண்டு, வந்ததும் அது எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று பார்க்கும், அட்டவணையில் தேடும், அதற்கான வாசல் வழியாக வெளியே அனுப்பிவிடும். "இப்போ அர்த்தமைந்தா?"

"காலேது சார்."

வகுப்பு சிரித்தது. சாருக்கு முகம் சிவந்தது. என்னதான் புரியவில்லை உனக்கு என்றார். அவள் எழுந்து நின்று, தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து கேட்டாள்: "அந்த அட்டவணையில முதல் வரிய யாரு சார் எழுதினாங்க?"

சிரிப்பு நின்றுவிட்டது. சார் திரையைப் பார்த்தார். திரையில் அதற்குப் பதில் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மணி அடிப்பதற்கு முன்பே போய்விட்டார்.

மறுநாள் அவர் ஒரு தள்ளுவண்டியோடு வந்தார். அதில் மூன்று பழைய ரௌட்டர்கள், தூசியோடு. எங்களுக்கு முந்தைய சில வருடங்களில் யாரும் அவற்றைத் தொட்டதே இல்லையாம், ஸ்டோர் அறையிலேயே கிடந்தனவாம். ஒன்றை ஓட விட்டார். அதன் மின்விசிறிச் சத்தத்தில் அவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "ஒயர் சொருகின வாசல் மட்டும்தான் இதுக்குத் தானாத் தெரியும். மத்ததெல்லாம் நாம சொல்லணும். இல்லன்னா பக்கத்து ரௌட்டர் சொல்லணும்" என்றார். பிறகு அவளைப் பார்த்து, வழக்கமான கேள்வியைக் கொஞ்சம் பயத்தோடு கேட்டார். "அயிந்தி சார்" என்றாள். அன்று அதை அவள் மட்டும்தான் சொன்னாள்.

எங்களைவிட அவள் இரண்டு வயது பெரியவள். நகரிப் பக்கத்துக் கிராமம். டிப்ளமோ முடித்துவிட்டு, சத்தியவேட்டுப் பக்கம் செல்போன் பூட்டும் கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, நேராக இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்திருந்தாள். கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். யாருடைய கிண்டலும் அவள் காதில் ஏறியதாகத் தெரியாது. ரௌட்டர் சோதனைகளுக்கு இரண்டிரண்டு பேராகப் பிரித்தபோது, இருவருக்கும் வீட்டில் தமிழ் என்பதால் நான் அவளுக்குத் துணையானேன்.

நான் குடிபாலாவிலிருந்து வந்தவள். என் நைனா வருடம் முழுக்கக் கூலி வேலை. மாம்பழக் காலத்தில் கூழ் தொழிற்சாலையில் கூடை தூக்குவார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். புரியவில்லை என்று சொன்னால், உனக்கெல்லாம் எதற்கு இந்தப் படிப்பு என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிடுவேன். தலையாட்டிய பிறகு விடுதி அறைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து, என்ன சொன்னார்கள் என்று தேடுவேன்.

அவளிடம் ஒரு முறை கேட்டேன், எல்லார் முன்னாலும் தெரியாது தெரியாது என்று சொல்ல உனக்கு ஒரு மாதிரி இல்லையா என்று.

"தெரியாதத தெரியும்னு சொல்லிட்டா, அப்பால அத்த காப்பாத்திக்கினே இருக்கணும்டி" என்றாள். "எனக்கு அவ்ளோ தெம்பு இல்ல."

சனிக்கிழமைகளில் திருப்பதி பஸ் நிலையத்தில் நாங்கள் அவரவர் ஊர் பஸ்ஸுக்காக நிற்போம். மொட்டை போட்ட தலையில் சந்தனம் பூசிய குடும்பங்கள் எங்களிடம் தமிழில் வழி கேட்கும். வேலூர் பஸ் எங்கே நிற்கும், அலிபிரிக்கு எதில் ஏற வேண்டும் என்று. நான் ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டுவேன். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். அவள் மட்டும், "தெரியாதுங்க, இருங்க கேட்டுக்கினு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, விசாரணை ஜன்னல் வரை நடந்து போய், வரிசையில் நின்று, கேட்டுக்கொண்டு திரும்பி வருவாள். இப்படி எங்கள் பஸ்ஸை இரண்டு முறை விட்டிருக்கிறோம். ஒரு முறை நான் கை காட்டிய திசையில் குழந்தையோடு நடக்கத் தொடங்கிவிட்ட ஒரு பெண்ணை ஓடிப்போய்த் திருப்பிக் கூட்டிவந்தாள். என்னை அவள் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சோதனைக் குறிப்பேடு விஷயத்தில் அவளோடு இருப்பது இன்னும் கஷ்டம். மூன்று ரௌட்டர்களை வரிசையாக இணைத்து, இந்தக் கடைசியில் இருக்கும் கணினியிலிருந்து அந்தக் கடைசிக்கு ஒரு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை. எல்லாரும், அந்த ரௌட்டர்களைத் தொட்டே இராத சீனியர்களின் குறிப்பேட்டிலிருந்து, பதில் வந்ததாகவே பார்த்து எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதினேன். அவள் எழுதியதைப் பிறகுதான் பார்த்தேன்: "இன்று பதில் வரவில்லை. காரணம் தெரியவில்லை."

"மார்க் போயிடும்" என்றேன்.

"வரவே இல்லியே, எப்டி வந்துச்சுன்னு எழுதறது?"

மார்க் போகத்தான் செய்தது. ஆனால் அதற்குப் பிறகும் மூன்று நாள் அவள் அந்த ரௌட்டர்களைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஆய்வகத்து உதவியாளர் அண்ணாவிடம் போய்க் கேட்டாள். அவர் புத்தலப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருபவர், நாற்பது வயதிருக்கும், ஒப்பந்த வேலை. காலையில் வந்து பூட்டைத் திறந்து எல்லாக் கணினிகளையும் போட்டுவிட்டு, மாலையில் அணைத்துப் பூட்டுவது அவர் வேலை. அவரிடம் போய்ப் பாடத்தில் சந்தேகம் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது. அவருக்குப் பாடம் தெரியாது. ஆனால் ஒரு கேபிளை எடுத்து, அதன் இரண்டு முனைகளிலும் வேறு வேறு எழுத்து அச்சடித்திருப்பதைக் காட்டினார். "இத்த மாத்திப் போட்டா லைட்டு எரியாதும்மா, முன்னாடி ஒரு சார் இருந்தப்ப பார்த்துருக்கேன்." அதுதான் விஷயம். எந்த முனை எந்தப் பக்கம் என்பதில் ஒரு கணக்கு இருந்தது. மாற்றிப் போட்டாள். விளக்கு எரிந்தது. இருந்தும் பதில் வரவில்லை. அனுப்புகிற பக்கத்து ரௌட்டருக்கு வழி சொன்ன நாங்கள், எதிர்முனை ரௌட்டருக்குத் திரும்பும் வழியைச் சொல்லவில்லை என்று கண்டுபிடிக்க இன்னும் ஒரு நாள் ஆனது. அந்த நான்கு நாட்களில் நான் கற்றுக்கொண்டதுதான் இன்று எனக்குச் சோறு போடுகிறது. அப்போது அவளை மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் ஆண்டின் இரண்டாம் பாதியில் அது நடந்தது.

மறுநாள் காலை இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு கம்பெனி அந்த ஆய்வகத்தில் இணையத்தேர்வு நடத்துவதாக இருந்தது. அதற்கு முந்தைய நாள் மாலை நாங்கள் இருவரும் அங்கே பழகிக்கொண்டிருந்தோம். ஒரு ரௌட்டரைக் கல்லூரி இணைப்போடு சேர்த்தால் வெளியுலகத்துக்குப் போக முடியுமா என்று பார்க்கும் ஆசை. சுவரில் இருந்த இணைப்பு வாசலில் கேபிளைச் சொருகியவள் அவள். ரௌட்டருக்கு முகவரி கொடுத்தவள் நான். பாடத்தாளில் இருந்த முகவரியை அப்படியே அடித்தேன். கல்லூரியின் தலைவாசலாக இருந்த ரௌட்டருக்கும் அதே முகவரி என்பது எங்களுக்குத் தெரியாது. முயற்சி பலிக்கவில்லை. மணி ஐந்தாகிவிட்டது. நாளை பார்க்கலாம் என்று, அடித்ததைச் சேமித்து அணைத்துவிட்டு எழுந்தோம்.

"கேபிள கழட்டிட்டியா?" என்று கதவருகே நின்று கேட்டாள்.

"ம்" என்று தலையாட்டினேன். கழட்டியிருக்கவில்லை. திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

காலையில் அண்ணா வழக்கம் போல மொத்த ஸ்விட்சையும் போட்டிருக்கிறார். எங்கள் ரௌட்டரும் விழித்துக்கொண்டது. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு என்றால் தபால்காரர் என்ன செய்வார்? பாதிக் கணினிகள் வெளியே போக வேண்டியதையெல்லாம் எங்கள் ரௌட்டரிடம் கொண்டுவந்து கொட்டின. அதற்கு அதை என்ன செய்வதென்று தெரியாது. தேர்வு தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் கணினிகள் ஒவ்வொன்றாக நின்றன. கம்பெனிக்காரர்கள் அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் தேர்வை மூடிவிட்டார்கள்.

எங்களைத் துறைத்தலைவர் அறைக்குக் கூப்பிட்டபோது அங்கே அண்ணா தன் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார். காலையில் ஏதோ ஒயரை இழுத்துவிட்டார் என்று முடிவாகிவிட்டிருந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வருகைப் புத்தகத்தில் கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர்கள் என்பதால்தான் எங்களைக் கூப்பிட்டது, அதுவும் ஒரு வார்த்தை கேட்கத்தான்.

"நேத்து போறப்ப எல்லாம் சரியா வெச்சுட்டுத்தானே போனீங்க?" என்றார் துறைத்தலைவர், தெலுங்கில்.

நான் தலையாட்டினேன்.

"தெரியாது சார்" என்றாள் அவள். "போய்ப் பார்க்கணும்."

பார்க்க ஒன்றுமில்லை, நீங்கள் போகலாம் என்றார் அவர். அவள் போகவில்லை. சார், ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு ஆய்வகத்துக்கு நடந்தாள். எல்லாரும் பின்னால் போனோம். சுவரோரம் குனிந்தாள். எங்கள் ரௌட்டரின் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அவள் கேபிளைப் பிடுங்கினாள். சற்று நேரத்தில், யாரோ ஒரு சீனியர் அணைக்காமல் விட்டுப்போன கணினியில் பக்கம் ஒன்று தானாகத் திறந்தது.

"நாங்கதான் சார்" என்றாள். "அண்ணா ஒண்ணும் பண்ணல. நான்தான் சொருகினேன். ரெண்டு பேரும்தான் செஞ்சோம்."

"யார் கழட்டியிருக்கணும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வெளிய கடைசியா வந்தது நான் சார். நான் பார்த்திருக்கணும்."

நான் வாயே திறக்கவில்லை.

அண்ணா வேலையில் நீடித்தார். நன்றியெல்லாம் சொல்லவில்லை, அன்று மதியம் அவளைப் பிடித்து நன்றாகவே திட்டினார். "கேபிள் போட்டா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாம்மா? எனக்கு ரெண்டு புள்ளைங்க கீது." அவள், "தப்புதான் அண்ணா" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். கம்பெனிக்காரர்கள் இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார்கள். அதுவரை சீனியர்கள் எங்களைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. எங்கள் இருவருக்கும் பருவம் முடியும் வரை, பரீட்சைக்குத் தவிர ஆய்வகத்துக்குள் போகத் தடை. வீட்டுக்குக் கடிதம் போனது.

என் நைனா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, தோய்த்துத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்தார். துறைத்தலைவர் முன்னால் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வெளியே வந்ததும் அவளைக் கூப்பிடச் சொன்னார். கேன்டீன் வாசலில் வைத்து அவளிடம் கேட்டார்.

"நீ உன் பேர சொன்ன, சரி. எம் பொண்ணு பேர இன்னாத்துக்குமா சொன்ன?"

"அவளும் இருந்தா நைனா. இல்லன்னு சொல்ல முடியல."

"சொல்லாம இருந்துருக்கலாம் இல்ல?"

"அந்த அண்ணாவ அனுப்பிட்டாங்க நைனா. பையத் தூக்கிக்கினு நின்னாரு."

கூழ் தொழிற்சாலையில் ஒரு முறை பாய்லர் நின்றதற்கு நைனாவைப் பத்து நாள் வெளியே நிறுத்தியிருந்தார்கள். அவர் அந்தப் பக்கமே போயிருக்கவில்லை. அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

"துன்னுட்டியா?" என்று கேட்டார் அவளை. இல்லை என்றாள். மூன்று பேருக்கும் சாப்பாடு சொன்னார். அவர் தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து அவள் தட்டில் வைத்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நைனா அவளை மன்னித்துவிட்டார். நான் மன்னிக்கவில்லை. உண்மையில் மன்னிக்க ஒன்றுமே இல்லை. அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்ட அந்த ஒரு தலையாட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதை வெளியே சொல்லத் தைரியமில்லாமல் அவள் மேல் கோபம் என்று வைத்துக்கொண்டேன். நான்காம் ஆண்டில் வேறு துணையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

வளாக நேர்முகத்தேர்வு ஒன்றில் அவள் எட்டுக் கேள்விகளுக்குத் தெரியாது என்று சொன்னாள் என்று வகுப்பு முழுக்கச் சிரித்தது. தெரிந்த மூன்றுக்கு என்ன சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. கடைசி நாள் படம் எடுக்கும்போது வேறு வேறு வரிசையில் நின்றோம்.

அப்புறம் ஒன்பது வருடம் அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

போன வருடம் குடிபாலா வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கரும்பு ஏற்றிய லாரி ஒன்று சாலையோரம் இணையக் கம்பியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. சித்தூரில் இருந்த இணையக் கம்பெனியின் எண்ணுக்குக் கூப்பிட்டு எப்போது வரும் என்று தெலுங்கில் கேட்டேன். அந்த மாதிரி இடங்களில் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும்.

"தெலீதண்டி" என்றது ஒரு பெண் குரல். தெரியாதுங்க. "எங்க அறுந்திருக்குன்னு பார்க்கணும். பார்த்துட்டு நாலு மணிக்கு நானே கூப்பிடறேன்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். என் பெயரைச் சொன்னேன்.

"குடிபாலாவா?" என்றாள் தமிழில். "நானே வர்றேன்."

ஸ்கூட்டியில் வந்தாள். லேசாக உடம்பு போட்டிருந்தது. அந்தக் கம்பெனியில் ஒயர் இழுக்கும் வேலையில் சேர்ந்து, இப்போது குடிபாலா மண்டலம் முழுக்க அவள் பொறுப்பில் இருந்தது. கம்பத்தடியில் உட்கார்ந்து, தலைமுடியைவிடச் சற்றே தடித்த இழைகளை ஒட்டவைக்கும் கருவியை மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குள் இணைப்பு வந்துவிட்டது என்று கைப்பேசி காட்டிய பிறகுதான் எனக்குப் பேச வந்தது.

"அன்னிக்கு கேபிள கழட்டிட்டேன்னு உங்கிட்ட நான் பொய் சொன்னேன். நீ அத்த சார்கிட்ட சொல்லவே இல்ல."

"யாரு கேட்டாங்க?"

"நான் நின்னுக்கினே இருந்தேன். வாயத் தொறக்கல."

"பயந்துட்ட."

"நீ பயப்படலியே."

அவள் கருவியை மூடிப் பைக்குள் வைத்தாள். "யாருடி சொன்னது? சார் ரூமுக்கு வர்றதுக்கு முன்னாடி பாத்ரூம்ல வாந்தி எடுத்துட்டு வந்தேன். டிசி குடுத்துட்டா திரும்ப அந்த செல்போன் கம்பெனி லைன்லதான் போய் நிக்கணும். மூணு நாளு சோறு எறங்கல. உங்க நைனா வாங்கிக் குடுத்தாரே, அதான் மொதோ சோறு."

அவளுக்குப் பயமே கிடையாது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். சிலர் அப்படிப் பிறந்துவிடுகிறார்கள், நான் அப்படிப் பிறக்கவில்லை, அவ்வளவுதான் என்று. அப்படி நினைப்பது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றேன்.

"நீ எங்கடி என்னாண்ட பேசின?"

கோபமில்லாமல்தான் சொன்னாள். அடுத்து எந்த வீடு என்று கைப்பேசியில் பார்த்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினாள். கம்பெனி எண் இல்லாமல் அவளுடைய சொந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலம் நான்தான் கூப்பிட்டேன்.